மாப்பிள்ளையோடு கோட்டைத் தீவில்

மார்ச் 2, ஞாயிறு

காலையிலேயே ஒரு தண்ணீர் மோட்டார் வந்தது. உள்ளே காயில் முழுக்கக் கருகிப்போயிருந்தது. கொண்டுவந்தவர், "நேத்து வரைக்கும் நல்லாத்தாங்க ஓடுச்சு" என்றார். முப்பத்தோரு வருஷமாகக் கருகின மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் கொடுக்கிறேன். கடைக்கு வருகிற எல்லோரும் சொல்வது இதைத்தான்.

பத்து மணிக்கு மாப்பிள்ளை போன் பண்ணினார். எங்கள் பொண்ணு பாப்பா கண் மூடிப் பதினான்கு மாதம் ஆகிறது, ஒரு ஞாயிறும் அவர் தவறவிட்டதில்லை. "சாப்பிட்டீங்களா மாமா?" "ஆச்சு மாப்ள, நீங்க?" "ஆச்சு மாமா." அதற்குமேல் இரண்டு பேரும் மூச்சு விடுவதை மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருப்போம். பிறகு நான் எதையாவது சொல்லிச் சிரிக்கவைப்பேன். வைத்துவிடுவோம்.

இன்று புதிதாக ஒன்று சொன்னார். பாப்பா எங்கள் நான்கு பேருக்கும் கோட்டைத் தீவுக்கு டிக்கெட் போட்டு வைத்திருந்தாள். காய்ச்சலில் படுப்பதற்கு முந்தின வாரம் போட்டது. அது இந்த மாதத்தோடு செல்லாமல் போகிறதாம்.

"போயிட்டு வந்துடலாமா மாமா? ரெண்டு நாள்தான்."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

மார்ச் 5

வீட்டுக்காரி வரவில்லையாம். முட்டி வலி என்கிறாள். முட்டி ஒரு சாக்கு என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

"என்னங்க, அவரு உங்ககிட்ட என்னமோ சொல்லணும்னு தவிக்கிறாரு. ஒவ்வொரு தடவையும் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு வச்சிடறாரு. அங்க போயாவது அவரைப் பேச விடுங்க. உங்க வாய்க்கு ஒரு பூட்டு போட்டு எடுத்துட்டுப் போங்க."

"நான் எங்கடி பேசறேன்?"

"பிரசவ வார்டு வாசல்லயே ஜோக் அடிச்ச ஆளு."

உண்மைதான். நர்ஸ் வந்து "பொண்ணு பொறந்திருக்கு" என்றபோது, "கியாரண்டி கார்டு உண்டா சிஸ்டர்?" என்று கேட்டவன் நான். எனக்குப் பயம் வந்தால் வாய் தானாக ஓடும். அதற்கு சுவிட்ச் கிடையாது.

அவர் என்ன சொல்லப்போகிறார் என்று தெரியாதா எனக்கு? வயது முப்பத்து நாலு. குழந்தையும் இல்லை. அவருடைய அம்மா போன மாதம் இவளிடம் போனில் அழுதிருக்கிறார். தெரிந்துதான் தெரியாத மாதிரி இருக்கிறேன். கேட்டால் பதில் சொல்லவேண்டுமே.

அவர் கல்யாணம் பண்ணிக்கொண்டால் வேறு வீட்டு மாப்பிள்ளை ஆகிவிடுவார். அப்புறம் நான் யாருக்கு மாமா? பாப்பா சமைத்ததைச் சாப்பிட்டவர், பாப்பா கோபித்துக்கொண்டால் எப்படி இருப்பாள் என்று தெரிந்தவர், இந்த உலகத்தில் எங்கள் இரண்டு பேரைத் தவிர அவர் ஒருத்தர்தான். அவரும் போய்விட்டால்—

தூக்கம் வருகிறது. மீதி அப்புறம்.

மார்ச் 11

தீவுக்காகப் புதுச் செருப்பு வாங்கினேன். கடிக்கிறது. ஐம்பத்தொன்பது வயதில் சுற்றுலா போகிறவனைச் செருப்புக்கே பிடிக்கவில்லை.

மார்ச் 14, மாலை, தீவு

படகுத் துறையில் டிக்கெட் கிழிக்கிறவர் சீட்டை இரண்டு தடவை பார்த்தார். "நாலு பேருன்னு போட்டிருக்கே. இன்னும் ரெண்டு பேரு எங்க?"

வழக்கம்போல வாயைத் திறந்தேன். "ஒருத்தி வீட்ல. இன்னொருத்தி..." அதோடு நின்றுவிட்டது. எப்போதும் எதையாவது எடுத்து நீட்டுகிற வாய், இன்று ஒன்றும் அகப்படாமல் திறந்தபடி இருந்தது.

மாப்பிள்ளைதான், "அவங்க வரலீங்க" என்றார். அந்த ஆள் கிழித்துக் கொடுத்தார்.

அறையில் நான்கு கட்டில்கள். நான்கிலும் மடித்த போர்வை, நான்கிலும் துண்டு. நான் ஜன்னல் பக்கம் உள்ளதை எடுத்துக்கொண்டேன், மாப்பிள்ளை கதவோரம் உள்ளதை. நடுவில் இருந்த இரண்டு கட்டில்மேல் பையைக்கூட வைக்கவில்லை, இரண்டு பேருமே.

ஊர் நன்றாகத்தான் இருக்கிறது. கடலுக்குள் ஒரு பாறை, அதைச் சுற்றி மூன்று ஆள் உயரத்துக்குக் கல் சுவர், சுவருக்குள்ளே தெருக்கள். தெரு என்றால் எதிரே ஒருத்தர் வந்தால் யாராவது ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ளவேண்டும். வழி காட்ட ஆள் கிடையாது. வாசலில் நம் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, கழுத்தில் மாட்டுகிற மாதிரி ஒரு மெஷினும் காதுக்கு இயர்போனும் தருகிறார்கள். சுவர்களில் நீலத் தகட்டில் எண்கள் இருக்கும். அந்த எண்ணை அழுத்தினால் அந்த இடத்தின் கதையை ஒரு ஆம்பளைக் குரல் சொல்லும். மொத்தம் இருபத்திரண்டு. அந்தக் குரலுக்கு நான் வாத்தியார் என்று பெயர் வைத்துவிட்டேன். எதிர்க் கேள்வி கேட்க முடியாது, பாதியில் சந்தேகம் வந்தால் முதலில் இருந்து கேட்கவேண்டும். நான் பத்தாவதோடு நின்றதற்குக் காரணமே இந்த மாதிரி வாத்தியார்கள்தான்.

ஆனால் ஒரு வசதி. காதில் வாத்தியார் பேசிக்கொண்டிருந்தால் பக்கத்தில் இருக்கிறவர் பேச முடியாது.

இதை முதல் எண்ணிலேயே கண்டுகொண்டேன். மாப்பிள்ளை நின்று நிதானமாகக் கேட்கிறவர். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிற வேலை, எதிலும் அவசரம் கிடையாது. அதனால் நான் வேகமாக நடந்தேன். அவர் மூன்றில் இருந்தால் நான் ஐந்தில். அவர் ஐந்துக்கு வந்தால் நான் எட்டில். கடிக்கிற செருப்போடு எப்படித்தான் ஓடினேனோ. அவசரத்தில் அடுத்த எண்ணை முன்கூட்டியே அழுத்திவிட்டேன். "இந்தச் சிறிய சாளரத்தைப் பாருங்கள். இதன் வழியாகத்தான் கைதிகள் கடலைப் பார்த்து அழுதார்கள்" என்றார் வாத்தியார். நானும் ஒரு சாளரத்தைப் பார்த்து உருகி நின்றேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது மாவுக் கிடங்குங்க. ஜெயில் அந்தப் பக்கம்" என்றார்.

பதினான்காம் எண் ஒரு சின்னத் தெரு முழுக்க இருக்கிறது. வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள், எல்லாவற்றுக்கும் தாழ்வான கதவு. அங்கே மட்டும் சரியான இடத்தில் சரியான எண்ணை அழுத்தினேன். அழுத்தாமல் இருந்திருக்கலாம்.

பதினொரு மாத முற்றுகையாம். சுவருக்கு வெளியே எதிரி, உள்ளே பசியும் நோயும். கடைசியில் பாதி வீடுகளில் ஆளே இல்லை. அப்புறம் கரையிலிருந்து புது ஆட்களைக் கொண்டுவந்து, குலுக்கிப் போட்டுச் சாவி கொடுத்தார்களாம். வாத்தியார் கொஞ்சம்கூடக் குரல் மாறாமல் சொன்னார்: "வந்தவர்கள் கதவைத் திறந்தபோது அடுப்பின்மேல் பாத்திரங்கள் அப்படியே இருந்தன. அவர்கள் அந்தப் பாத்திரங்களிலேயே சமைத்தார்கள். அந்தக் கட்டில்களிலேயே படுத்தார்கள். ஊர் மறுபடியும் ஊர் ஆயிற்று. இப்போது இடப்பக்கம் திரும்பிப் பதினைந்தாம் எண்ணுக்குச் செல்லுங்கள்."

நான் திரும்பவில்லை. அங்கேயே ஒரு படியில் உட்கார்ந்துவிட்டேன். பாப்பாவின் அடுக்களை ஞாபகம் வந்தது. எந்தக் கரண்டி எந்த ஆணியில் என்றுகூட ஞாபகம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை தெரு முனையில் வந்தார். நின்றார். அழுத்தினார்.

நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்போது முற்றுகை. இப்போது சாவி. இப்போது கதவு திறக்கிறது. பாத்திரம் வருகிற இடத்தில் அவர் தலை குனிந்தது. இயர்போனைக் கழற்றிவிட்டு நேராக என்னைப் பார்த்தார். நாள் முழுக்க ஊருக்கே கண்ணாடி போட்டுவிடுகிறவர், யாரையும் நேராகப் பார்த்துப் பேசமாட்டார். இன்று பார்த்தார்.

"மாமா..."

நான் என் காதைத் தொட்டுக் காட்டினேன். கேட்டுக்கிட்டிருக்கேன் மாப்ள, அப்புறம்.

பதினைந்தை அழுத்திக்கொண்டு எழுந்து நடந்தேன். பதினைந்தில் வாத்தியார் என்ன சொன்னார் என்று கேட்டால் தெரியாது.

மார்ச் 15, தீவு

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும்.

மீதி எண்களுக்காக இன்றும் மெஷின் வாங்கினோம். பதினாறு கேட்டுக்கொண்டிருக்கும்போது என்னுடையது பட்டென்று நின்றுவிட்டது. பேட்டரி தீர்ந்துவிட்டது போல. வாசலில் போய் மாற்றிக்கொண்டு வந்திருக்கலாம். நான் இயர்போனைக் கழற்றவே இல்லை. ஒரு சத்தமும் இல்லாத காதோடு பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது என்று போனேன். ஒவ்வொரு இடத்திலும் நின்றேன், தலையாட்டினேன், ஒரு இடத்தில் "அடேங்கப்பா" என்றுகூடச் சொன்னேன்.

பத்தொன்பது சுவரின் உச்சி. பீரங்கி வைக்கிற இடைவெளிகளில் கல் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாமா."

காதைக் காட்டினேன்.

மறுபடி, "மாமா, அந்த மெஷின் செத்து ரொம்ப நேரமாச்சு. பச்சை விளக்கு பதினாறுலயே அணைஞ்சு போச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. நோயாளியிடம் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார். கழற்றினேன். காற்றுச் சத்தம் ஒரே அடியாகக் காதுக்குள் வந்தது.

"ஒரு இடம் சொல்றாங்க மாமா. அவங்களுக்கும் முதல் கல்யாணம் சரியா அமையல. லைப்ரரில வேலை. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல. உங்களையும் அத்தையையும் கேக்காம சொல்லவும் மாட்டேன். நீங்க வேண்டாம்னா வேண்டாம். அம்மாகிட்டயும் அப்படித்தான் சொல்லிட்டேன்."

எவ்வளவு நாளாக மனசுக்குள் வைத்து ஒத்திகை பார்த்திருப்பார். ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். நெற்றியில் வியர்வை.

நான் என்ன செய்திருக்கவேண்டும்? கையைப் பிடித்திருக்கவேண்டும். அழுதிருக்கலாம். ஒன்றும் சொல்லாமலாவது இருந்திருக்கலாம். என் வாய் ஓட ஆரம்பித்துவிட்டது.

"அதுக்கென்ன மாப்ள. பழைய மோட்டார் கருகிப்போச்சுன்னா புதுசு மாட்டத்தானே செய்வாங்க. வீட்ல தண்ணி வரணும்ல?"

சொல்லி முடித்துச் சிரித்தும் தொலைத்தேன்.

அவர் முகம் அப்படியே நின்றுவிட்டது. "மோட்டாரா மாமா?" என்றார். அவ்வளவுதான். எழுந்து, படியில் இறங்கிப் போய்விட்டார்.

நான் பெத்த பொண்ணுடா. நான் பெத்த பொண்ணை நானே... என்ன மனுஷன் நான்?

இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு பார்க்கவில்லை.

மார்ச் 16

கரை இறங்கியதும் என் பையையும் மாப்பிள்ளையே எடுத்துக்கொண்டார். நொண்டி நொண்டி வருகிறேன் என்று பார்த்திருக்கிறார். பஸ்ஸில் ஏற்றிவிட்டு, "பத்திரமா போங்க மாமா" என்றார். அதற்குப் பதில் திட்டியே இருக்கலாம்.

மார்ச் 17

செருப்பைத் தூக்கிப் போட்டேன்.

மார்ச் 20

மூன்று நாளாக "ஊர் எப்படி இருந்துச்சு, ஊர் எப்படி இருந்துச்சு" என்று வீட்டுக்காரி கேட்டுக்கொண்டே இருந்தாள். சுவர் பெரிசு, தெரு சிறிசு என்று சமாளித்துவந்தேன். இன்று சொல்லிவிட்டேன், மோட்டார் உட்பட.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். சொன்னாள்:

"ஆஸ்பத்திரில அந்த மூணு நாளும் அவரு ஐ.சி.யூ. வாசல்ல நின்னுக்கிட்டே இருந்தாரு. உக்காருங்க தம்பின்னு சொன்னா, கதவு திறந்தா தெரியணும் அத்தைன்னாரு. நீங்க டீ வாங்கிட்டு வரேன், டீ வாங்கிட்டு வரேன்னு இறங்கி இறங்கிப் போனீங்க. கடைசியில அவ போனப்பவும் நீங்க டீக்கடையிலதான் இருந்தீங்க."

இதைப் பதினான்கு மாதமாக அவள் வாயால் சொன்னதில்லை.

"நான் குத்தம் சொல்லலைங்க. உங்களால நிக்க முடியல. அவரால முடிஞ்சுது. நின்னவருக்கு நாம என்ன செய்யப்போறோம்?"

மார்ச் 23, ஞாயிறு

பத்து மணி. பத்தேகால். பத்தரை.

போன் வரவில்லை.

மார்ச் 24

கடையைப் பூட்டிவிட்டு அவர் வேலை செய்கிற கண்ணாடிக் கடைக்குப் போனேன். நேராக உள்ளே போய் அவரைக் கூப்பிடத் தைரியம் இல்லை. கவுண்டரில் இருந்த பெண்ணிடம், "கண் டெஸ்ட் பண்ணணும்மா" என்று சொல்லிவிட்டேன். நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு இரும்புச் சட்டத்தை மூக்கில் மாட்டி, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். மூன்றாவது வரிக்குக் கீழே எல்லாம் எறும்பு. அந்தக் கோலத்தில் இருக்கும்போது பின்பக்கக் கதவு திறந்து மாப்பிள்ளை வந்துவிட்டார். ஏப்ரனெல்லாம் லென்ஸ் தூள். அந்தப் பெண்ணை வெளியே அனுப்பிவிட்டு, சட்டத்தில் இருந்த கண்ணாடியை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"சொல்லியிருந்தா நானே வீட்டுக்கு வந்திருப்பேனே மாமா."

வாய் ஓடத் தயாராகத்தான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் பண்ணியதை ஒப்பித்தேன்.

"மாப்ள. நீங்க கல்யாணம் பண்ணிக்குங்க. நானும் அத்தையும் சொல்றோம். முழு மனசோட சொல்றோம். அன்னிக்கு நான் பேசினதெல்லாம் பேச்சே இல்ல. மன்னிச்சிடுங்க."

அவர் கையில் இருந்த ஒரு லென்ஸைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அது எப்போதோ சுத்தமாகிவிட்டது.

"அத்தை நிஜமா சொன்னாங்களா?"

"அவதான் அனுப்பினா. நானா வந்திருந்தா இதுக்குள்ள நாலு ஜோக் அடிச்சிருப்பேன்."

அவர் சிரித்துவிட்டார். சிரித்து, அப்படியே முகத்தை ஏப்ரனில் புதைத்துக்கொண்டார். நான் அவர் முதுகில் கை வைத்தேன். கல்யாணமான நாளில் இருந்து இன்றுவரை அவரைத் தொட்டதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

(கண்ணில் நிஜமாகவே பவர் ஏறியிருக்கிறதாம்.)

ஏப்ரல் 6

மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். நாள் குறித்துவிட்டார்கள், இருபதாம் தேதி. வந்தவர் தண்ணீர் குடித்தார், மின்விசிறியைப் பார்த்தார், மறுபடி தண்ணீர் குடித்தார்.

"பொண்ணோட பெரியப்பா ஒண்ணு சொன்னாரு அத்தை. தப்பா நினைக்காதீங்க. நீங்க ரெண்டு பேரும் முன்னாடி உக்காந்திருந்தா... அந்தப் பொண்ணுக்கு... நான் முடியாதுன்னுதான் சொன்னேன்—"

அவரை முடிக்கவிடவில்லை இவள். "இதுல என்ன இருக்கு தம்பி? அவருக்கும் அவர் பொண்ணு மனசுதானே பெருசு. நாங்க இங்கேருந்தே நல்லா இருங்கன்னு சொல்லிக்கிறோம்."

வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து இவள் காலைத் தொட்டார். என்னையும் தொட வந்தார், நான் நகர்ந்துகொண்டேன். எனக்கு அந்தத் தகுதி இல்லை என்று சொல்ல வந்து, "முதுகு பிடிச்சுக்கப் போவுது மாப்ள" என்றேன்.

ஏப்ரல் 20

ஞாயிறாக இருந்தும் கடையைத் திறந்தேன். பத்தரைக்கு முகூர்த்தம் என்று தெரியும். பத்து மணிக்கு இவள் வந்து நின்றாள். முப்பத்தோரு வருஷத்தில் என் கடைக்குள் வந்து உட்கார்ந்ததே கிடையாது.

"வீட்ல இருக்க முடியல."

கம்பி உருண்டையை அவள் மடியில் கொடுத்தேன். அவள் விட்டுக்கொடுக்க, நான் சுற்றினேன். ஒரு காயிலுக்கு நூற்றிருபது சுற்று. அறுபதில் எண்ணிக்கை தப்பியது. அவிழ்த்துச் சுற்றினோம், எண்பதில் தப்பியது. மூன்றாவது தடவை அவளும் சேர்ந்து சத்தமாக எண்ணினாள். நூற்றிருபதுக்கு வரும்போது மணி பதினொன்று தாண்டியிருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கை அழுக்கில் கன்னத்தில் கறுப்புக் கோடு விழுந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஏப்ரல் 27

போன் இல்லை. புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்.

மே 18

போன் வந்தது. இரண்டு நிமிஷம். பின்னால் பாத்திரச் சத்தம்.

மே 25

இல்லை. நான் பண்ணலாம். பண்ணக்கூடாது என்று இருக்கிறேன். போக விட்டாயிற்று என்றால் முழுசாகப் போக விடவேண்டும்.

ஜூன் 11

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது போன். மாப்பிள்ளை நம்பர், பேசினது பெண் குரல்.

"நான்... வந்து... அவரு வீட்லேருந்து பேசறேங்க." என்ன முறை சொல்லிப் பேசுவது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. "அவருக்கு ரெண்டு நாளா காய்ச்சல். டாக்டர் மாத்திரை எழுதியிருக்காரு. ஏதோ ஒரு மாத்திரை சாப்பிட்டா உடம்பெல்லாம் தடிச்சிடுமாம், பேரு ஞாபகம் இல்லங்கறாரு. அத்தைக்குத் தெரியும்னாரு."

இவளுக்குத் தெரியும். பாப்பா கல்யாணமான புதிதில் அந்த மாத்திரையால் அவருக்குத் தடித்துப்போய், பயந்து அலறி இவளைக் கூப்பிட்டாள். மாத்திரைப் பெயரை இவள் சொன்னாள், இரண்டு தடவை எழுத்துக் கூட்டிச் சொன்னாள். அதோடு முடிந்தது. ஆனால் போனை வைத்த கையோடு, தட்டை மூடிவிட்டுச் செருப்பை மாட்டினாள். காய்ச்சல் என்ற வார்த்தை போதும் எங்கள் இரண்டு பேருக்கும்.

பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், எனக்கும் காய்ச்சலோ என்று.

அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த பாப்பா படம் இல்லை. அடித்த ஆணி இருக்கிறது, அதில் ஒரு காய்கறிப் பை தொங்குகிறது. எங்கே என்று நான் கேட்கவில்லை. இவளும் அந்தச் சுவரைப் பார்த்தாள், பார்வையை நகர்த்திக்கொண்டாள்.

மாப்பிள்ளைக்கு நூற்றிரண்டு இருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தாயிற்றாம், பயப்பட ஒன்றும் இல்லை, சாதாரணக் காய்ச்சல்தான். இந்தத் தடவை நான் டீ வாங்க வெளியே போகவில்லை. கட்டில் பக்கத்தில் நின்றேன். நாலு மணிக்கு நூற்றொன்று, ஆறு மணிக்குத் தொண்ணூற்றொன்பதரை. "உக்காருங்க மாமா" என்றார். "இருக்கட்டும் மாப்ள" என்றேன். மாப்ள என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் முகம் சுளிக்கவில்லை. ஈரத்துணியைப் பிழிந்து என் கையில் கொடுத்தாள்.

இவள் இன்று அங்கேயே தங்கிவிட்டாள். நான் மட்டும் கிளம்பினேன். அந்தப் பெண் வாசல்வரை வந்தாள். நேராகப் பார்க்காமல் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "நாளைக்கு வருவீங்களா?"

யாரைக் கேட்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.